வேலிக்கு வெளியே: ஹைதராபாத் நிலம் துண்டான வரலாறு

‘கஞ்ச அஸ்தபல் போரம்போக் சர்க்காரி.’ 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஹைதராபாத் நாளிதழ்களில் அடிபட்ட வருவாய்ப் பதிவேட்டுக் குறிப்பு இது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபவுலி கிராமத்தில் 25 ஆம் அளவை எண்ணுக்கு உரியது. நான்கு சொற்கள், நான்கு மொழிகள். ‘கஞ்ச’ என்பது தெலுங்கில் மேய்ச்சலுக்கென அடைத்து விடப்பட்ட தரை. ‘அஸ்தபல்’ அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த குதிரை லாயம்; அரபிக்கு அது இலத்தீனிலிருந்து கிரேக்கம் வழியே போய்ச் சேர்ந்தது, ஆங்கிலத்தின் ‘ஸ்டேபிள்’ அதன் உறவுச் சொல். ‘போரம்போக்’ தமிழின் புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போன நிலம். ‘சர்க்காரி’ பாரசீகம். சேர்த்து வாசித்தால், அரசுக்குச் சொந்தமான, குதிரைகள் மேய்வதற்கென விட்டுவைத்த, ஏர் படாத தரை என்று பொருள் வரும்.

ஹைதராபாத்தைச் சுற்றிக் காட்டுயிர்களுக்கு எஞ்சிய இடம் ஏறத்தாழ முழுவதும் இத்தகைய ஏர் படாத நிலமே. அரசனின் வேட்டைக்காடு, லாயத்தின் மேய்ச்சல் தரை, ஏரியின் நீர்ப்பிடிப்பு, உடைக்க மலிவில்லாத பாறைக் குவியல். இவற்றில் எதுவும் உயிரினப் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட்டதன்று. வேறு பயன்களுக்காக விடப்பட்டவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்ததால், மானும் சிறுத்தையும் நரியும் ஆமையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல முடிந்தது. இருபதாம் நூற்றாண்டு இந்நிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாண்டது. சிலவற்றுக்கு வேலியிட்டுக் காத்தது, சிலவற்றை விற்றது. இரண்டு செயல்களும் சேர்ந்தே இடையில் இருந்த தொடர்ச்சியை அறுத்தன என்பதும், அவ்வாறு அறுந்துபோன நிலையே பிற்பாடு எஞ்சிய துண்டுகளையும் கைவிடுவதற்கான நியாயமாக எடுத்துரைக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் வாசிப்பு.

நீரிலிருந்து தொடங்குவது பொருத்தம். தக்காணத்தின் இப்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கல் தளம். மண் மெல்லியது, மழை குறைவு, பாறைச் சரிவுகளில் ஓடும் நீரைத் தேக்கினால்தான் வேளாண்மை. எனவே ஏரி வெட்டுவது இங்கே அரசின் இலக்கணமாகவே இருந்தது. நகரம் 1591 இல் நிறுவப்படுவதற்கு முன்பே, இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் உசேன் சாகர் எழுந்துவிட்டது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்தபின், நிஜாம் அரசின் அழைப்பில் வந்த மோ. விசுவேசுவரய்யா ஆற்றின் நீர்ப்பிடிப்பை ஆராய்ந்தபோது அதில் 788 ஏரிகள் இருந்ததைக் கணக்கிட்டார். ஏறத்தாழச் சதுர மைலுக்கு ஒன்று. அவற்றுள் 221 உடைந்திருந்தன. மேலேரி உடைய, அதன் நீர் கீழேரியை உடைக்க, அடுக்கடுக்காகச் சரிந்த பேரழிவு அது.

இந்தப் புள்ளிவிவரம் பொறியியல் வரலாற்றில் வெள்ளத்தின் காரணமாக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. சூழலியல் வாசகருக்கு அது வேறொன்றையும் சொல்லும். அடுக்கடுக்காக உடைவதற்கு முதலில் அடுக்கடுக்காக இணைந்திருக்க வேண்டும். ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரியின் வரத்துக்கால் ஆகும் இவ்வமைப்பு தமிழகத்தின் தொடர் ஏரிகளை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. கால்வாயின் இரு கரைகளிலும் உழப்படாத ஒரு பட்டை எஞ்சும். அதில் புதர் வளரும். மீனும் தவளையும் நீர்ப்பறவையும் மட்டுமின்றித் தரை விலங்குகளும் அப்பட்டையைப் பற்றிக்கொண்டு நகரும். நிலத்தோற்ற இணைவு என்று இன்று ஆய்வுலகம் அழைப்பதற்கு அன்றைய தக்காணத்தில் வழங்கிய பெயர் நாலா, அதாவது ஓடை. நகரவாசியின் பேச்சில் அச்சொல் பின்னர் சாக்கடையைக் குறிக்கலாயிற்று. பொருள் இழிந்ததும் நிலம் இழிந்ததும் ஒருங்கே நிகழ்ந்தன.

வெள்ளத்துக்கு விடையாக இரு பெரும் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920 இலும், அதன் கிளையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927 இலும் நிறைவுற்றன. சிற்றேரிகளின் பரவலான வலையை நம்பியிருந்த நகரம் இரண்டு பெருந்தேக்கங்களை நம்பத் தொடங்கியது. பாசனத்தேவை இழந்த நகர்ப்புறச் சிற்றேரிகள் மெல்ல மெல்ல மனைகளாயின. ஆயினும் இவ்விரு தேக்கங்களும் தாம் அறியாமல் ஒரு பெரும் நிலப்பரப்பைக் காத்தன. அதற்குப் பின்னர் வருவோம்.

வேட்டைக்காடுகளின் கதை வேறு திசையில் சென்றது. தமிழ், இந்தியச் சமவெளிகளின் கறுப்பும் வெள்ளையுமான திருகுகொம்பு மானுக்கு ‘வெளிமான்’ என்று பெயரிட்டது. திறந்த வெளியே அதன் வாழிடம்; தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடுவதே அதன் தற்காப்பு. பழக்கிய சிவிங்கிப்புலியை ஏவி அதை வேட்டையாடும் வழக்கம் ஹைதராபாத் உள்ளிட்ட பல சமஸ்தானங்களில் இருந்தது. அத்தகைய வேட்டைக்கு மரமடர்ந்த காடு உதவாது. கண்ணுக்கெட்டும்வரை புல்வெளி வேண்டும். கொல்வதற்காகவே எனினும், ஓட்டத்துக்கான வெளியை அரசன் விட்டுவைத்தான் என்பது வரலாற்றின் சங்கடமான உண்மைகளுள் ஒன்று. சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952 இல் அறிவிக்கப்பட்டது. வெளிமான் எஞ்சியது, வேலிக்குள்.

ஹைதராபாத்தின் கிழக்கே நிஜாமின் பழைய வேட்டைத்தரை ஒன்று, மகாவீரரின் 2500 ஆம் நிர்வாண ஆண்டை ஒட்டி 1975 இல் அவர் பெயரால் மான் காப்பகமாக்கப்பட்டது. இன்றைய மகாவீர் ஹரிண வனஸ்தலி தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 14.6 சதுர கிலோமீட்டர். மேற்கே சில்கூரை ஒட்டி மிருகவனி தேசியப் பூங்கா, சுமார் 3.6 சதுர கிலோமீட்டர். நடுநகரில், ஜூபிலி ஹில்ஸில், நிஜாம் குடும்பத்தின் சிரான் அரண்மனை வளாகம் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவாயிற்று. அது ஒன்றரைச் சதுர கிலோமீட்டரையும் எட்டாது. ஒரு பெருநகரின் எல்லைக்குள்ளும் விளிம்பிலுமாக மூன்று தேசியப் பூங்காக்கள் என்பது கேட்பதற்குப் பெருமை. மூன்றின் பரப்பையும் கூட்டினால் இருபது சதுர கிலோமீட்டர். ஒரு சிறுத்தையின் உலாவெளிக்கே அது போதாமற்போகலாம்.

இங்கே உலகளாவிய கோட்பாட்டு வரலாறு உள்ளே வருகிறது. 1967 இல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவு உயிர்ப்புவியியல் கோட்பாட்டை வெளியிட்டனர். தீவின் பரப்பும், பெருநிலத்திலிருந்து அதன் தொலைவும் சேர்ந்தே அதில் நிலைக்கும் உயிரினங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். கடல் நடுவிலுள்ள தீவுக்குச் சொன்னதை வயல் நடுவிலுள்ள காட்டுக்கும் பொருத்திப் பார்த்தவர்களுள் ஜாரெட் டயமண்ட் முக்கியமானவர். 1975 இல், ஹைதராபாத்தில் மான் காப்பகம் உருவான அதே ஆண்டில், காப்பகங்களை எவ்வாறு வடிவமைக்க வேண்டும் என்ற அவருடைய கட்டுரை வெளிவந்தது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டத்தின் கருவி எல்லைக்கோடு. எல்லையை விவரித்து அறிவிக்கை வெளியிடாமல் சட்டம் இயங்காது. கோட்பாட்டின் முதற்பாதியான பரப்பை அக்கருவியால் பிடிக்க முடிந்தது. மறுபாதியான தொலைவை, அதாவது ஒரு துண்டுக்கும் மறுதுண்டுக்கும் இடையே இருப்பதை, அதனால் பிடிக்க முடியவில்லை.

எல்லைக்கோடு உள்ளே இருப்பதைக் காத்தது என்பதில் ஐயமில்லை. மூன்று பூங்காக்களும் அறிவிக்கப்படாமல் இருந்திருந்தால் இன்று அவை குடியிருப்புகளே. ஆனால் கோட்டுக்கு வெளியே இருந்ததைப் பற்றியும் அது மௌனமாக ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டது. வனஸ்தலியின் வேலியைச் சுற்றி விஜயவாடா நெடுஞ்சாலையும் குடியிருப்புகளும் நெருக்கின. நடுநகர்ப் பூங்காவுக்கு 2020 இல் வரையறுக்கப்பட்ட சூழல் கூருணர்வு வலயத்தின் அகலம் 3 மீட்டர் முதல் 29.8 மீட்டர் வரை. மூன்று மீட்டர் என்பது ஒரு கார் நிறுத்தும் இடத்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். வெளிச்சூழலின் தாக்கத்தைத் தணிக்கும் பட்டை என்ற கருத்தே இவ்வளவு மெலியும்போது, அது சட்டத்துக்குச் செலுத்தும் சடங்காக மட்டுமே எஞ்சுகிறது. சென்னை வாசகர் கிண்டியை நினைத்துக்கொள்ளலாம்: ஆளுநர் மாளிகை, தேசியப் பூங்கா, 1959 இல் வந்த ஐஐடி வளாகம் ஆகிய மூன்றும் ஒரே காட்டின் துண்டுகள், ஒன்றுக்கொன்று இடையே சுவர்.

இதனிடையே அறிவியல் வேறொரு பக்கத்தில் வியத்தகு வெற்றிகளை ஈட்டியது. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கீழ் இயங்கும் அருகிவரும் உயிரினங்களுக்கான ஆய்வகத்தில் 2007 இல் செயற்கைக் கருவூட்டல் வழியாக ஒரு வெளிமான் குட்டி பிறந்தது. மரபணு ஓட்டத்தை ஆய்வகத்தில் நிகழ்த்தத் தெரிந்த நகரத்தில், அம்மானின் வாழிடங்களுக்கு இடையே அதே ஓட்டம் நிகழ்வதற்கான தரை அற்றுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பொதுநிதியில் நடந்தன என்பதைச் சொல்லி நகரலாம்.

பல்கலைக்கழக நிலம் மூன்றாம் வகை. ஆறு அம்ச உடன்பாட்டின் விளைவாக 1974 இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு நகரின் மேற்கே 2,300 ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அன்று அது நகருக்கு அப்பால் கிடந்த பாறையும் புதரும். கட்டடங்கள் சிறு பகுதியையே பிடித்தன. மிகுதியில் புரசும் சீத்தாவும் முள்மரங்களும் வளர்ந்தன. புள்ளிமான், மயில், நட்சத்திர ஆமை ஆகியன தங்கின. ‘முரிசியா ஹைதராபாதென்சிஸ்’ என்னும் சிலந்தியினம் இவ்வளாகத்திலிருந்தே அறிவியலுக்கு அறிமுகமானது. ஒதுக்கீட்டின் உரிமைப் பத்திரம் முறையாக மாற்றித் தரப்படாமலே பதிற்றாண்டுகள் கழிந்தன. இடையில் வளாகத்தின் ஓரங்கள் ஒவ்வொரு தேவைக்காகவும் கழன்றன. 2003–04 இல் மாநில அரசு நானூறு ஏக்கரை ஐஎம்ஜி பாரதா என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு அளித்தது, 2006 இல் அடுத்த அரசு அதை நீக்கியது, வழக்கு நீண்டது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றமும் மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கம் முடிவளித்தன. 2025 மார்ச் 30 அன்று புல்டோசர்கள் உள்ளே நுழைந்தன. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடுத்து நிறுத்தியபோது சுமார் நூறு ஏக்கர் வெட்டவெளியாகியிருந்தது.

இருபதாண்டு வழக்கு வரலாற்றில் இந்நிலத்தைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்விகள் இரண்டே. இது யாருடையது? இது காடா, இல்லையா? முதற்கேள்விக்குப் பதிவேடு விடை தந்தது. இரண்டாவதற்கு, காடு என்ற சொல்லை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்ற 1996 டிசம்பர் 12 ஆம் நாளைய கோதவர்மன் வழக்கின் ஆணை துணைக்கழைக்கப்பட்டது. தக்காணத்தின் கருங்கல் புதர்வெளி அகராதியிலும் சரியாகப் பொருந்தாத ஒன்று. மரம் அடர்ந்தால் காடு, அடராவிட்டால் தரிசு என்ற இருமை, குடியேற்றக்கால வனத்துறை விட்டுச்சென்ற சொத்து. புல்லும் புதரும் பாறையும் கலந்த வெளி தனக்கெனப் பெயரின்றிப் புறம்போக்கில் ஒதுங்கிற்று. கொல்லர், குருமர் ஆகிய மேய்ப்பர் சமூகங்கள் அவ்வெளிக்கு வைத்திருந்த பெயரும் பயனும் எந்தத் தீர்ப்பிலும் எடையாகவில்லை.

அப்போது நடந்த ஒரு விளக்கம் குறிப்பிடத்தக்கது. வளாகத்தின் எருமைக்குளமும் மயில்குளமும் காளான் வடிவப் பாறையும் அழியும் என்று மாணவர்கள் போராடினர். குளங்கள் இரண்டும் நானூறு ஏக்கருக்குள் வரவில்லை என்று மாநிலத் தொழில் உட்கட்டமைப்புக் கழகம் மறுமொழி கூறியது. அளவைப் படத்தின்படி அது ஏற்கத்தக்க மறுமொழியாகவே இருக்கட்டும். குளம் ஓர் அளவை எண்ணில் இருக்கும்; அதற்கு நீர் தரும் சரிவு வேறோர் எண்ணில் இருக்கும். மான் இரவில் ஒன்றிலும் பகலில் மற்றொன்றிலும் இருக்கும். நிலத்தை எண்களாகப் பிரித்து நிர்வகிக்கும் முறை தன் மொழியில் பொய் சொல்லாமலே ஒரு வாழிடத்தைக் காணாமற்செய்ய வல்லது.

இன்னொரு வாதமும் எழுந்தது, அதுவே கவனமாக எதிர்கொள்ள வேண்டியது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன, நடுவில் எஞ்சிய நானூறு ஏக்கரால் பல்லுயிரியத்துக்கு என்ன பயன்? துண்டாடல் கோட்பாட்டையே மேற்கோளாக்கி இவ்வாறு கேட்க முடியும்; தனித்த சிறுதுண்டில் இனங்கள் நாளடைவில் அற்றுப்போகும் என்றுதானே தீவுக் கோட்பாடு சொல்கிறது? இங்கே அக்கோட்பாட்டின் பிற்கால வரலாறு பயன்படும். கனடாவின் லெனோர் ஃபாரிக், 2017 இல் வெளியிட்ட விரிவான மீளாய்வில், வாழிடத்தின் மொத்தப் பரப்பு குறைவதையும் அதே பரப்பு துண்டுகளாகப் பிரிவதையும் வேறுபடுத்தினார். இழப்பின் தீமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பிரிவின் விளைவு மட்டும் தனித்து அளக்கப்படும்போது எப்போதும் தீயதாக இல்லை. சிறுதுண்டுகளும் கூட்டாகப் பெரும் மதிப்புடையவை என்பது அவர் முடிவு. கடும் விவாதத்துக்கு உள்ளான முடிவு. காட்டின் உட்பகுதியை மட்டுமே நம்பி வாழும் இனங்களுக்கு இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எனினும் சிறியது என்பதால் பயனற்றது என்ற வாதத்துக்கு இருந்த அறிவியல் போர்வையை அது விலக்கிவிட்டது. மேலும், இத்துண்டு தனித்துப்போனது இயற்கையின் செயலன்று. சுற்றிலும் இருந்ததை விற்றவர்களே, சுற்றிலும் எதுவுமில்லை என்பதைக் காரணமாகக் காட்டுவது வரலாற்றாய்வாளர் விட்டுவிடக்கூடாத முரண்.

நீர்த்தேக்கங்களுக்கு இப்போது திரும்பலாம். 1996 மார்ச் 8 ஆம் நாளைய அரசாணை 111, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகியவற்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை மாசுபடுத்தும் தொழில்களையும் பெரும் விடுதிகளையும் குடியிருப்புத் திட்டங்களையும் தடுத்தது. 84 கிராமங்கள், சுமார் 1.32 லட்சம் ஏக்கர். மூன்று தேசியப் பூங்காக்களின் கூட்டுப்பரப்பைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். இதன் நோக்கம் குடிநீர். ஆணையில் சிறுத்தைக்கு இடமில்லை. ஆயினும் ஹைதராபாத் நில நிர்வாக வரலாற்றில் ஓர் உறவைக் காத்த ஆணை இது ஒன்றே எனலாம். மேட்டில் செய்வது பள்ளத்தில் தெரியும் என்ற நீரின் தர்க்கம், எந்தத் தனி மனையையும் தனியாக மதிப்பிட அனுமதிக்கவில்லை. நீர்ப்பிடிப்பில் எண்ணெய் ஆலை அமைக்க முயன்ற வழக்கில், ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் எம்.வி. நாயுடு என்று அறியப்படும் தீர்ப்புகளில் (1999, 2000), உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை விரிவாக எடுத்துரைத்து இந்தத் தடையை நிலைநிறுத்தியது. சூழல் சட்டம் பயிலும் மாணவர்கள் இந்தியா முழுவதும் வாசிக்கும் வழக்கு அது. அதன் நிலம் எது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கால் நூற்றாண்டு அந்நிலம் வயலும் தோப்பும் புதருமாகத் தொடர்ந்தது. மிருகவனியின் வேலி இந்நிலத்தின் நடுவே இருந்ததால்தான் அது முற்றிலும் தீவாகாமல் இருந்தது. நகரின் குடிநீர் கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் வரத் தொடங்கியபின், இரு தேக்கங்களும் இனித் தேவையில்லை என்ற வாதம் வலுத்தது. 2022 ஏப்ரலில் அரசாணை 69, அரசாணை 111 இன் தடைகளை விலக்கியது. நிலவுடைமையாளரின் நெடுநாள் மனக்குறை அதில் தீர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் ஏக்கர் கோடிகளில் விற்க, உள்ளிருந்த சிறு விவசாயி இழப்பீடு எதுவுமின்றி நகரின் தாகத்துக்குக் காவலிருந்தார். இணைவைக் காப்பதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அரசாணை 111 தொடவேயில்லை. அது நீடிக்காமற்போனதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

இந்நிலத்தின் குறுக்கேதான் 158 கிலோமீட்டர் நீள வெளிவட்டச் சாலையின் ஒரு பகுதி செல்கிறது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட எட்டு வழிச்சாலை, இருபுறமும் தடுப்பு. இதே ஹைதராபாத் வழியாகச் செல்லும் 44 ஆம் தேசிய நெடுஞ்சாலை வடக்கே நாக்பூரைத் தாண்டிப் பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதியைக் கடக்குமிடத்தில், நெடிய வழக்குகளுக்குப் பின், விலங்குகள் அடியில் கடந்துசெல்ல ஒன்பது கட்டமைப்புகள் அமைக்கப்பட்டன. புலியும் செந்நாயும் அவற்றைப் பயன்படுத்துவதைத் தானியங்கிப் படப்பொறிகள் பதிவுசெய்துள்ளன. அங்கே புலி என்ற பெயர் இருந்தது, காப்பகம் என்ற தகுதி இருந்தது. தக்காணப் புதர்வெளிக்கு இரண்டும் இல்லை.

2020 மே 14 அன்று, பொதுமுடக்கத்தின் அமைதியில், மைலார்தேவ்பள்ளி அருகே சாலை நடுவில் ஒரு சிறுத்தை படுத்துக் கிடந்தது. படம்பிடித்தவர்களின் கூட்டம் கூடியதும் எழுந்து மறைந்தது. ஐந்து மாதங்கள் கழித்து ராஜேந்திரநகர்ப் பக்கம் ஒரு சிறுத்தை கூண்டில் சிக்கியது; 2025 ஏப்ரலில், கச்சிபவுலி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், படான்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவன வளாகத்தில் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் நகருக்குள் சிறுத்தை புகுந்தது என்றே செய்தி வெளியாயிற்று. ஹிமாயத் சாகர்க் கரை, வேளாண் பல்கலைக்கழகப் பண்ணைகள், சில்கூர்க் காடு, மேற்கே அனந்தகிரி மலைவரை நீளும் புதர்வெளி ஆகியவற்றை வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பார்ப்பவருக்கு, இச்சிறுத்தைகள் எந்த வழியைப் பிடித்து நடக்கின்றன என்பது ஓரளவு புலப்படும். அக்கோடு எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெறவில்லை. கச்சிபவுலி வழக்கில் 2025 ஏப்ரல் 16 அன்று நீதிமன்றம் மாநில அரசிடம் கேட்டது, அழிக்கப்பட்ட நூறு ஏக்கரை மீட்டெடுக்கும் திட்டம்.